குடல் அழற்சி உள்ள பிள்ளைக்கு வைட்டமின் டி: தினமும் கொஞ்சமா, வாரத்துக்கு ஒரு தடவை நிறையவா?

கிரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ (இரண்டும் நீண்ட காலக் குடல் அழற்சி நோய்கள்) உள்ள பிள்ளையின் ரத்தப் பரிசோதனைத் தாளில் '25 ஹைட்ராக்சி வைட்டமின் டி' என்ற வரிக்கு நேரே 12 என்றோ 15 என்றோ வந்துவிட்டால், அடுத்து என்ன கொடுப்பது என்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. தினமும் 2000 யூனிட் மாத்திரையா, வாரத்துக்கு ஒன்று என்று பெரிய டோஸா, ஒரே தடவையில் லட்சக்கணக்கில் கொடுத்துவிடுகிற வைத்தியமா, இல்லை ஏற்கெனவே சாப்பிடுகிற மல்டிவைட்டமினே போதுமா, வெயிலில் நிற்க வைத்தால் சரியாகிவிடாதா. நான் மருந்துக்கடையில் நிற்கிறவன், டாக்டர் இல்லை. ஆனால் சீட்டு கடைசியில் என் மேசைக்குத்தான் வருகிறது, டாக்டரிடம் கேட்க மறந்த கேள்வியும் கூடவே வருகிறது. டோஸை முடிவு செய்ய வேண்டியது பிள்ளையைப் பார்க்கிற குடல் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் குறைகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. சிறுகுடல் புண்ணாகிக் கிடந்தால் கொழுப்பே சரியாக உறிஞ்சப்படுவதில்லை, அதோடு சேர்ந்து இதுவும் போய்விடுகிறது. ரத்தத்தில் இதைச் சுமந்து செல்வது ஒரு புரதம். நோய் தீவிரமாக இருக்கும்போது குடல் வழியாகப் புரதமும் கசிகிறது. பிள்ளை சோர்ந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கும், பாலைக் கண்டால் வயிறு கலங்குகிறது என்று ஒதுக்கும். இதற்கு மேல் ஸ்டீராய்டு வேறு எலும்பைக் கரைக்கும். வளர்கிற வயதில் எலும்பு சேர்க்க வேண்டிய வருடங்கள் இவை, அதனால்தான் டாக்டர்கள் இந்த ஒரு எண்ணை விடாமல் பார்க்கிறார்கள்.

வெயில் யோசனையை முதலிலேயே கழித்துவிடலாம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரிலேயே நல்ல ஆரோக்கியமான ஆட்களுக்கு இந்தக் குறைபாடு சர்வசாதாரணம். கருத்த தோலுக்கு அதே அளவு தயாரிக்கக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும், டொரண்டோவிலோ லண்டனிலோ வளர்கிற நம் பிள்ளைகள் என்றால் குளிர்கால மாதங்களில் அதுவும் இல்லை. இன்னொன்று, அசதயோபிரின் (குடல் அழற்சியை அடக்கக் கொடுக்கிற மருந்து) சாப்பிடுகிற பிள்ளையை வேண்டுமென்றே வெயிலில் நிறுத்துவது சரியே இல்லை. அந்த மருந்து தோலைப் புற ஊதாக் கதிருக்கு எளிதில் பாதிக்கப்படும்படி ஆக்குகிறது, நீண்ட காலத்தில் தோல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்பதும் தெரிந்த விஷயம். விளையாடப் போகட்டும், ஆனால் வெயிலை மருந்தாகக் கணக்கு வைக்க வேண்டாம்.

மல்டிவைட்டமின்? சாதாரணமாக அதில் இருப்பது 400 யூனிட் அளவு. கனடாவில் நோய் அடங்கிய நிலையில் இருந்த கிரோன் பிள்ளைகளுக்குத் தினமும் 400 யூனிட் ஒரு குழுவுக்கும் 2000 யூனிட் இன்னொரு குழுவுக்கும் என்று ஆறு மாதம் டி3 (வைட்டமின் டி-யின் இரண்டு வகைகளில் ஒன்று, மற்றது டி2) கொடுத்துப் பார்த்தார்கள், 2014-ல் முடிவு வெளியானது. மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம் என்ற கோட்டைத் (தாளில் வருகிற எண் இந்த அலகில்தான்) தாண்டியவர்கள் 2000 குழுவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர், 400 குழுவில் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான். ஆனால் கோட்டை 20-க்கு இறக்கிப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தக் கோட்டுத் தகராறு பின்னாலும் வரும். இப்போதைக்கு, ஏற்கெனவே 15-ல் நிற்கிற பிள்ளையை மேலே ஏற்ற மல்டிவைட்டமினை நம்ப முடியாது என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

சரி, உண்மையான போட்டிக்கு வருவோம். இந்தக் கேள்விக்கென்றே நடந்த ஆய்வு பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஹெலன் பாப்பா என்ற மருத்துவரின் குழு செய்தது, 2012-ல் வெளியானது. குடல் அழற்சி நோய் உள்ள, வைட்டமின் டி 20-க்கு மேல் போகாத, 5 முதல் 21 வயது வரையிலானவர்கள் 71 பேரைச் சேர்த்து மூன்று குழுவாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குத் தினமும் 2000 யூனிட் டி2, இரண்டாம் குழுவுக்குத் தினமும் 2000 யூனிட் டி3, மூன்றாவதுக்கு வாரத்துக்கு ஒரு தடவை 50,000 யூனிட் டி2. ஆறு வாரம், கூடவே கால்சியம். கடைசிவரை நின்றவர்கள் 61 பேர்.

ஆறு வாரம் கழித்து ரத்தத்தில் ஏறியது சராசரியாக இவ்வளவு: தினசரி டி2-க்கு 9.3, தினசரி டி3-க்கு 16.4, வாராந்திர டி2-க்கு 25.4 நானோகிராம். அதாவது மூன்று பிள்ளைகளும் 15-ல் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒருவர் 24-ல் நிற்பார், ஒருவர் 31-ஐ எட்டியிருப்பார், மூன்றாமவர் 40-ஐத் தொட்டிருப்பார். பக்கவிளைவு என்று சொல்லும்படி எந்தக் குழுவிலும் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

இதைப் படித்ததும் வாராந்திர டோஸ்தான் ஜெயித்தது என்று மூடி வைத்துவிடத் தோன்றும். சீட்டு எழுதுகிறவர்கள் பலரும் அப்படித்தான் புரிந்துகொண்டு பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் மொத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தினமும் 2000 என்றால் 42 நாளில் 84,000 யூனிட். வாரம் 50,000 என்றால் ஆறு வாரத்தில் 3,00,000 யூனிட். மூன்றாவது குழுவுக்குப் போனது மூன்றரை மடங்கு மருந்து, ஏறியதோ தினசரி டி3-ஐவிட ஒன்றரை மடங்குதான். பத்தாயிரம் யூனிட்டுக்கு எவ்வளவு ஏறியது என்று வகுத்துப் பார்த்தால் தினசரி டி3-க்கு 2-ஐ ஒட்டி வருகிறது, தினசரி டி2-க்கு 1.1, வாராந்திர டி2-க்கு 0.85. இந்த வகுத்தலை ரொம்பவும் நம்பக் கூடாது, ஏனென்றால் டோஸ் கூடக்கூட ஒவ்வொரு கூடுதல் யூனிட்டுக்கும் ஏற்றம் குறைந்துகொண்டே போவது இயல்புதான். ஆனால் முதல் இரண்டு குழுவை மட்டும் பக்கத்தில் வைத்தால் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது: அதே 2000, அதே தினசரி, அதே ஆறு வாரம், மாறியது டி2, டி3 என்பது மட்டும்தான், ஏற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

ஏன் அப்படி? டி2 காளான், ஈஸ்ட் வகைகளிலிருந்து புற ஊதாக் கதிர் காட்டித் தயாரிப்பது, டி3 நம் தோலே தயாரிக்கிற அதே பொருள். ரத்தத்தில் சுமந்து போகிற அந்தப் புரதம் டி3-ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, டி2-ஐ அவ்வளவாகப் பிடிப்பதில்லை, அதனால் டி2 சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. அப்படியானால் பாஸ்டன்காரர்கள் வாராந்திரக் குழுவுக்கு டி2-வை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கலாம். அமெரிக்காவில் சீட்டுக்குக் கொடுக்கிற 50,000 யூனிட் மாத்திரை பரம்பரையாகவே டி2. டி3 அங்கே சீட்டில்லாமல் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்கிற சமாச்சாரம். அதாவது அங்கே டாக்டர்கள் கையில் இருந்த உண்மையான தெரிவுகளைத்தான் ஆய்வு ஒப்பிட்டது.

நம் ஊர் நிலவரம் வேறு, இதைக் கவனிக்காமல் அந்த ஆய்வை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வந்தால் தப்பாகப் போகும். இங்கே வாரத்துக்கு ஒன்று என்று எழுதுவது 60,000 யூனிட், அதுவும் டி3. ஒரு கிராம் தூள் பாக்கெட்டாக வரும், நாலு காப்ஸ்யூல் பட்டையாக வரும், குடிக்கிற குட்டி பாட்டிலாகவும் வரும். பாஸ்டனில் ஜெயித்த குழுவைவிட யூனிட்டும் அதிகம், வகையும் பலமானது. வாராந்திர டி3 என்ற குழுவே அந்த ஆய்வில் கிடையாது. ஆறு வாரத்தில் 40-ஐத் தொட 50,000 டி2 போதுமென்றால், 60,000 டி3 அதையும் தாண்டிப் போகலாம் என்று எதிர்பார்க்க வேண்டும். 25 கிலோ பையனுக்கும் 55 கிலோ பையனுக்கும் அதே ஒரு பாக்கெட் என்று எழுதும்போது இது இன்னும் கூர்மையாகிறது. எடைக்கு ஏற்ப வாராந்திர டோஸைக் கணக்கிடுகிற முறையும் உண்டு. உங்கள் பிள்ளை ஒல்லியாக, வயதுக்குக் குறைந்த எடையில் இருந்தால் (கிரோனில் பெரும்பாலும் அப்படித்தானே இருக்கும்) டாக்டரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

வாராந்திர டோஸில் என்னைக் கவலைப்பட வைப்பது மருந்தின் பலம்கூட இல்லை, அந்த 'வாரம்' என்ற சொல் வழியில் தொலைந்துபோவதுதான். பால்காரக் கணக்கு மாதிரி தினமும் ஒன்று என்று பழகிய வீடு நம்முடையது. நாலு பாக்கெட் வாங்கிப் போன ஒரு அப்பா ஐந்தாவது நாள் வந்து "தீர்ந்துபோச்சு சார், இன்னும் நாலு கொடுங்க" என்று நின்றார். பையனை உடனே டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னேன், கால்சியம் பார்த்தார்கள், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. இப்படி நாள்கணக்கில், வாரக்கணக்கில் தினமும் கொடுத்து, ரத்தத்தில் கால்சியம் எகிறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சிறுநீரகக் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இந்தியாவில் பலர், மருத்துவ இதழ்களிலும் பதிவாகியிருக்கிறது. வாந்தியும் வயிற்று வலியும் குடல் நோயால் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் விட்டுவிடுகிற ஆபத்து இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல். பாக்கெட் மேலேயே பேனாவால் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதிக்கொடுப்பது என் வழக்கம். உங்கள் கடைக்காரர் எழுதாவிட்டால் நீங்களே எழுதுங்கள்.

தினசரி மாத்திரைக்கும் அதன் தொல்லை உண்டு. இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே காலையில் ஒரு கைப்பிடி மருந்து விழுங்குகிறவர்கள்: மெசலமின், அசதயோபிரின், ஃபோலிக் அமிலம், இரும்பு. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் இன்னொரு மாத்திரை என்றதும் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், மாதம் பாதி நாள் அது தலையணைக்கு அடியில்தான் போகும். எழுதிக்கொடுத்தது 2000, உள்ளே போனது சராசரியாக 1000 என்றால் பாஸ்டன் எண்கள் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. வாராந்திர டோஸின் பெரிய பலம் இங்கேதான், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோ பாட்டியோ எதிரில் நின்று ஒரு தம்ளர் பாலில் கலக்கிக் கொடுத்துவிட்டால் அந்த வாரம் முடிந்தது. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வேறெதிலாவது, ஆனால் கொஞ்சம் கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு ஓடினால் ஒரு பகுதி வீண்.

இப்போது அந்தக் கோட்டுத் தகராறு. எவ்வளவு ஏற வேண்டும்? அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் என்ற அமைப்பு 2010-ல், எலும்புக்கு 20 நானோகிராம் போதும் என்றது. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சங்கம் 2011-ல் 30 வேண்டும் என்றது, உறிஞ்சுதல் சரியில்லாத நோய் உள்ளவர்களுக்கு அந்த வயதுக்கான அளவைப்போல இரண்டு, மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னது. பாஸ்டன் குழு 32 என்ற கோட்டை வைத்துக்கொண்டது, அதைத் தாண்டியவர்கள் வாராந்திரக் குழுவில்தான் அதிகம். அப்புறம் 2024-ல் அதே எண்டோகிரைன் சங்கம் தன் பழைய 30 என்ற இலக்கையே கைவிட்டுவிட்டது. உங்கள் இலக்கு 20 என்றால் தினசரி டி3 நிதானமாக அங்கே கொண்டுபோய்விடும். இலக்கு 30-க்கு மேல், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்றால்தான் வாராந்திரப் பெரிய டோஸுக்கு அவசியம் வருகிறது. எனவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எந்த மாத்திரை' என்பதே இல்லை, 'எந்த எண்ணுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறோம், எத்தனை வாரத்தில்' என்பதுதான்.

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாஸ்டன் ஆய்வு அளந்தது ரத்தத்தில் உள்ள எண்ணை. வயிற்றுப்போக்கு நின்றதா, புண் ஆறியதா என்பதற்காக அமைத்த ஆய்வு அது இல்லை, ஆறு வாரத்தில் அது தெரியவும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை (மருந்தே இல்லாத மாத்திரை) கொடுத்த குழுவும் கிடையாது. கனடா ஆய்விலும் எண் ஏறியதே தவிர நோயின் தீவிரத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரியவர்களிடம் டென்மார்க்கில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு: நோய் அடங்கிய கிரோன்காரர்களுக்கு ஒரு வருடம் தினமும் 1200 யூனிட் டி3 கொடுத்ததில் 13 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 29 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தற்செயலாகவும் நடந்திருக்கலாம் என்ற வரம்பை அந்த வித்தியாசம் மயிரிழையில்தான் தாண்டாமல் நின்றது. ஆகவே எலும்புக்காகக் கொடுங்கள், குறைபாட்டைச் சரிசெய்யக் கொடுங்கள். வைட்டமின் டி ஏறிவிட்டால் ஊசி மருந்தை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் சித்தப்பாவாக இருந்தாலும் சரி, கேட்காதீர்கள்.

ஒரே தடவையில் சில லட்சம் யூனிட் கொடுக்கிற முறைக்கு ஸ்டாஸ் என்று பெயர், பழைய ஜெர்மன் வைத்தியம். ஆஸ்திரேலியாவில் குடல் அழற்சி உள்ள பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்த பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்து 2015-ல் எழுதினார்கள், அளவு நன்றாகவே ஏறி மாதக்கணக்கில் நின்றது. ஆனால் அது குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல. மருந்தே எடுக்காமல் ஏமாற்றுகிற பதின்வயதுப் பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு வருவதே அரிது என்ற குடும்பம், இவர்களுக்கு டாக்டர் யோசிக்கலாம். வயதான பெண்களுக்கு வருடம் ஒரு தடவை 5,00,000 யூனிட் கொடுத்த வேறோர் ஆஸ்திரேலிய ஆய்வில், கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடியது. அது வேறு வயது, வேறு நிலை. இருந்தாலும் ஒரே அடியாகக் கொட்டுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

ஏற்றுவதைவிடத் தங்கவைப்பது கஷ்டம் என்பதையும் பாஸ்டன் குழுவே காட்டியது. 2014-ல் வெளியான அடுத்த ஆய்வில், அளவு ஓரளவு சரியாக இருந்த 63 பிள்ளைகளை எடுத்து ஒரு குழுவுக்குத் தினமும் 400 யூனிட் டி2, மற்றக் குழுவுக்கு வெயில் காலத்தில் 1000, குளிர் காலத்தில் 2000 என்று ஒரு வருடம் கொடுத்தார்கள். வருடம் முழுக்க 32-க்குக் கீழே இறங்காமல் நின்றவர்கள் இரண்டு குழுவிலுமே பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். இங்கே பலர் செய்கிற தவறு இதுதான்: எட்டு பாக்கெட் முடிந்தது, எண் 38 வந்தது, சந்தோஷம், நிறுத்தியாகிவிட்டது. அடுத்த வருடம் பார்த்தால் மறுபடி 16.

என்னைக் கேட்டால், எண் 10-க்கு மேலே இருக்கிற, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற பிள்ளைக்குத் தினசரி 2000 டி3 போதும், அவசரம் இல்லை, தப்பு நடந்தாலும் பெரிய ஆபத்து இல்லை. எண் ரொம்பக் கீழே இருந்தாலோ, ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தாலோ, எலும்பு அடர்த்தி ஏற்கெனவே குறைந்திருந்தாலோ, தினசரி மாத்திரை நடக்காத வீடு என்றாலோ, வாராந்திர டோஸ், ஆனால் எத்தனை வாரம் என்று சீட்டில் எண்ணால் எழுதி வாங்கிக்கொண்டு. அது முடிந்ததும் தினசரி சின்ன டோஸுக்கு மாற வேண்டும். டி2 தினசரி மாத்திரையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். சுத்த சைவக் குடும்பங்கள் மட்டும் இங்கே முகம் சுளிக்கும், ஏனென்றால் வழக்கமான டி3 ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருகிறது, காப்ஸ்யூல் உறையோ பெரும்பாலும் ஜெலட்டின். பாசிக்காளான் வகையிலிருந்து எடுக்கிற டி3-ம் விற்கிறார்கள், விலை கூட, கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். அதுவும் முடியாதென்றால் டி2-தான், டோஸ் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறுபரிசோதனையை அதே லேபில் செய்யுங்கள். சில லேப்களின் கிட் டி2-வைக் குறைத்துக் காட்டும், டி2 சாப்பிடுகிற பிள்ளைக்கு மருந்து ஏறியும் எண் ஏறாத மாதிரி தெரியும். அலகையும் பாருங்கள், வெளிநாட்டு அறிக்கை சிலது நானோமோலில் இருக்கும், அதை 2.5-ஆல் வகுத்தால்தான் நம் நானோகிராம். 50 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனவருக்கு உண்மையில் இருந்தது 20. கூடவே கால்சியமும் அல்புமினும் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும், சாப்பாட்டோடு கொடுத்தும் எண் அசையவில்லை, அல்புமினும் கீழே கிடக்கிறது என்றால், டோஸைக் கூட்டச் சொல்வதற்கு முன்னால் குடலில் நோய் எந்த அளவில் இருக்கிறது என்று மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடலில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற புரதம்) பார்க்கலாமா என்று கேளுங்கள்.